தேர்ந்தெடுக்கும் வயது: பினாங்கின் கல்வி வரலாற்றில் பொதுக்கல்வியும் சிறப்புக்கல்வியும்

முன்னுரை

மாணவர் எந்த வயதில் ஒரு துறையைத் தேர்ந்து அதனுள் ஆழ்ந்து செல்லவேண்டும், அதுவரை எத்துணைத் துறைகளைப் பரந்து பயிலவேண்டும் என்னும் வினா கல்வியாளரிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருவதாகும். இளமையிலேயே ஒரு துறையைப் பற்றிக்கொண்டால்தான் அதில் புலமை வாய்க்கும் என்பது ஒரு சாரார் கருத்து. பரந்த அறிவு இல்லாதவனிடம் ஆழ்ந்த அறிவும் நிலைக்காது என்பது மற்றொரு சாரார் கருத்து. நம் நாட்டுத் தமிழாசிரியர்களுக்கு இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. மூன்றாம் படிவத்தை முடித்த மாணவரின் பெற்றோர், “பையன் அறிவியல் எடுக்கப் போகிறான், ஐயா, அவனுக்குத் தமிழ் இலக்கியம் எதற்கு?” என்று கேட்கும்போது, அவர்கள் அறிந்தோ அறியாமலோ இவ்வினாவையே எழுப்புகின்றனர்.

இவ்வினாவுக்குப் பினாங்கின் கல்வி வரலாறு எத்தகைய விடைகளைத் தந்துள்ளது என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். பினாங்கைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. இந்நாட்டின் முறைசார்ந்த ஆங்கிலக் கல்வியும் தமிழ்க் கல்வியும் தொடங்கிய இடமாகக் கருதப்படுவது ஜார்ஜ் டவுன் நகரம். துறை எல்லைகளைத் தளர்த்திய பல்கலைக்கழகம் ஒன்றை 1969இல் இந்நாடு தொடங்கியதும் அதே தீவில்தான். எனவே இவ்வினாவின் பல முகங்களை ஓரிடத்தில் வைத்துக் காணும் வாய்ப்புப் பினாங்கில் அமைகின்றது.

இலவசப் பள்ளியும் பொதுக்கல்வியின் தொடக்கமும்

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் குடியேற்றத்தை நிறுவிய முப்பது ஆண்டுகளில், 1816 அக்டோபர் 21ஆம் நாள், பாதிரியார் ஆர். எஸ். ஹட்சிங்ஸ் முயற்சியால் பினாங்கு இலவசப் பள்ளி தோன்றியது. தென்கிழக்காசியாவின் மிகப் பழைய ஆங்கிலப் பள்ளியாக அது போற்றப்படுகின்றது. இன, சமய வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளையும் ஏற்பது அதன் அடிப்படைக் கொள்கை. அப்பள்ளியின் சார்பில் நடைபெற்ற தமிழ் வகுப்பே மலாயாவில் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. 2016இல் தமிழ்க் கல்வியின் இருநூறாம் ஆண்டு நிறைவை நாம் கொண்டாடியதும் இக்கணக்கின்படியே ஆகும். அவ்வகுப்பு நீடித்து நிலைபெறவில்லை. எனினும் ஆங்கிலமும் தாய்மொழியும் ஒரே கல்வி நிலையத்தின் அரவணைப்பில் இடம்பெறலாம் என்னும் எண்ணம் தொடக்கத்திலேயே இருந்தமை கருதத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பள்ளியின் கல்வி கேம்பிரிட்ஜ் தேர்வுகளை நோக்கி அமைந்தது. மொழி, கணிதம், வரலாறு, புவியியல் எனப் பல பாடங்களைக் கொண்ட பொதுக்கல்வியே ஆங்கிலப் பள்ளிகளில் நிலவியது. ஆனால் அக்கல்வியைப் பெற்றோரில் பெரும்பாலோர் அரசு அலுவலகங்களிலும் வாணிக நிறுவனங்களிலும் எழுத்தர்களாகவே அமர்ந்தனர். பாடத்திட்டம் பரந்திருந்தும் அது இட்டுச்சென்ற வாயில் குறுகியதாகவே இருந்தது.

அவ்வாயிலைக் கடந்து சென்றோரும் உளர். சர் செசில் கிளெமெந்தி ஸ்மித் முயற்சியால் 1885இல் நிறுவப்பெற்ற அரசியார் உதவிச் சம்பளம், குடியேற்ற மாணவர் சிலரை இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. 1879இல் பினாங்கில் பிறந்து இலவசப் பள்ளியில் பயின்ற ஊ லியென் தே 1896இல் அவ்வுதவியைப் பெற்றுக் கேம்பிரிட்ஜின் இம்மானுவேல் கல்லூரியில் மருத்துவம் பயிலச் சென்றார். பின்னாளில் 1910-11இல் மஞ்சூரியாவில் பரவிய நுரையீரல் கொள்ளைநோயைக் கட்டுப்படுத்தும் பணிக்குத் தலைமை தாங்கி, நோய் காற்றின்வழிப் பரவுகின்றது என்பதை உணர்ந்து, துணியாலான முகக்கவசத்தை வலியுறுத்தியவர் அவரே. அவருடைய மருத்துவப் புலமை ஆழமானது. ஆயினும் அது பதினேழு வயது வரை பெற்ற பொதுக்கல்வியின்மீது கட்டப்பட்டது. மஞ்சூரியாவில் அவருக்கு நுண்ணுயிரியல் அறிவு மட்டும் போதவில்லை. இருப்புப்பாதைப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தவும், பல நாட்டு மருத்துவர்களோடு வழக்காடவும், இறந்தோர் உடலை எரிப்பதற்கு எழுந்த மரபுவழித் தயக்கத்தைக் கடந்து அரசின் ஒப்புதலைப் பெறவும் வேண்டியிருந்தது. இவை மருத்துவ நூலில் மட்டும் கற்கத்தக்கவை அல்ல.

எனினும் ஒருவர் வெற்றியைக் கொண்டு ஒரு முறையை மதிப்பிடுவது ஆய்வுநெறி ஆகாது. அரசியார் உதவிச் சம்பளம் ஒருசில கூரறிவினருக்காகப் பள்ளிகள் பலரைப் புறக்கணிக்கச் செய்கின்றது என்னும் குறை அக்காலத்திலேயே எழுந்தது. பொதுக்கல்வி நல்லதா என்று கேட்பதோடு, அது யாருக்குக் கிட்டியது என்றும் கேட்கவேண்டியுள்ளது.

பிறப்பால் விதிக்கப்பட்ட சிறப்புக்கல்வி

இலவசப் பள்ளியின் மாணவன் பதினாறு, பதினேழு வயது வரை பல பாடங்களைப் பயின்ற காலத்தில், கால்வாயின் மறுகரையில் செபராங் பிறையின் தோட்டங்களிலும் தீபகற்பத்தின் உட்பகுதிகளிலும் வாழ்ந்த தமிழ்ப் பிள்ளைகளின் நிலை வேறாக இருந்தது. 1912இல் கூட்டு மலாய் மாநிலங்களில் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்கவேண்டும் என்றது. அமைந்த பள்ளிகள் பலவற்றில் கிராணிகளும் கங்காணிகளும்கூட ஆசிரியர்களாக இருந்தனர். எழுத்து, வாசிப்பு, எளிய கணக்கு ஆகியவற்றோடு கல்வி நின்றது. அதன்பின் அப்பிள்ளைகளுக்கு எஞ்சியது பால்வாளியும் உளியுந்தான்.

மலாய்ப் பிள்ளைகளின் நிலையும் பெரிதும் வேறுபட்டதன்று. மீனவர் மகனையும் உழவர் மகனையும் தந்தையினும் சற்று அறிவுடைய மீனவனாகவும் உழவனாகவும் ஆக்குவதே அரசின் நோக்கம் என்னும் கருத்தைக் கூட்டு மலாய் மாநிலங்களின் தலைமைச் செயலாளர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் 1920ஆம் ஆண்டு அறிக்கையில் வெளியிட்டார்.

இதனை நாம் சிறப்புக்கல்வி எனக் கூறலாமா? கூறலாம் என்றே கருதுகிறோம். ஒரு பிள்ளை எத்தொழிலில் ஈடுபடும் என்பதை ஏழு வயதிலேயே முடிவுசெய்து, அதற்கு வேண்டியது மட்டும் கற்பிக்கப்படுமானால், அது மிக இளமையில் தொடங்கிய சிறப்புக்கல்வியே. ஆனால் தேர்ந்தவர் அப்பிள்ளை அல்லர், பெற்றோரும் அல்லர். பிறந்த இடமே தேர்ந்தது.

தமிழகத்து நிகழ்ச்சி ஒன்று இதனைத் தெளிவாக்கும். 1953இல் சென்னை மாநில முதலமைச்சர் இராஜாஜி தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றத்தைக் கொணர்ந்தார். ஊர்ப்புறப் பள்ளிகளில் பாட நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டு, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் செய்யும் தொழிலைப் பழகவேண்டும் என வகுக்கப்பட்டது. ஒரே கட்டடத்தில் இருமடங்கு பிள்ளைகளுக்கு இடமளிக்கலாம், கைத்தொழிலுக்கும் மதிப்புப் பெருகும் என்பன அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். பெரியாரும் திராவிட இயக்கத்தினரும், காங்கிரசுக் கட்சிக்குள்ளேயே பலரும் அதனைக் குலக்கல்வித் திட்டம் என எதிர்த்தனர். 1954இல் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். எதிர்த்தோர் தொழிலை இழிவாகக் கருதியவர் அல்லர். தந்தையின் தொழிலே மகனின் பாடத்திட்டம் ஆவதையே அவர்கள் மறுத்தனர். தோட்டப்புறப் பள்ளியின் வரலாற்றை அறிந்த மலாயாத் தமிழருக்கு அம்மறுப்பின் பொருளை விளக்கவேண்டியதில்லை.

ஒரே தேர்வில் முடிந்த வழி

இலவசப் பள்ளியின் ஏட்டுக்கல்விக்கும் தோட்டப்பள்ளியின் குறுங்கல்விக்கும் இடையே தொழிற்கல்வி என்னும் மூன்றாம் வழியும் ஆராயப்பட்டது. 1938இல் எச். ஆர். சீஸ்மன் அளித்த அறிக்கை மலாயாவில் தொழிற்கல்வியை விரிவுபடுத்தப் பரிந்துரைத்தது. உலகப் போர் குறுக்கிட்டமையால் அப்பரிந்துரைகள் உடனே பயன்தரவில்லை.

விடுதலையை ஒட்டி வெளிவந்த 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை, எல்லா மொழிப் பள்ளிகளுக்கும் பொதுவான பாட உள்ளடக்கத்தை வலியுறுத்தியது. ஆயினும் தொடக்கப்பள்ளியின் இறுதியில் நடைபெற்ற இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு, பதினொன்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைப் பிரித்தது. தேறாதோரில் ஒருசாரார் தொடர்கல்விப் பள்ளிகளில் தொழில்சார்ந்த பாடங்களைக் கற்றனர்; பலர் பள்ளியை விட்டே விலகினர். 1965இல் அத்தேர்வு நீக்கப்பட்டுப் பல்துறைக் கல்வி முறை அறிமுகமாயிற்று. எல்லாரும் மூன்றாம் படிவம் வரை தடையின்றிப் பயிலலாம். பொதுப்பாடங்களோடு தொழிற்கலை, வேளாண் அறிவியல், வாணிகம், மனையியல் ஆகியவற்றுள் ஒன்றையும் கற்கவேண்டும். தமிழ்ப்பள்ளி மாணவர்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து படிவம் ஒன்றுக்குச் சென்றனர்.

இம்மாற்றத்தின் அருமை இன்று பலருக்கும் தெரிவதில்லை. தேர்ந்தெடுக்கும் வயது பன்னிரண்டிலிருந்து பதினைந்துக்கு நகர்ந்தது. அம்மூன்றாண்டுகளில் மாணவர் தம் திறனை அறிந்துகொள்ள வாய்ப்புக் கிட்டியது. தோட்டப்புறத்திலிருந்து வந்து ஆசிரியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் உயர்ந்தோர் பலருக்கு இவ்வாயிலே திறந்தது.

பதினைந்து வயதில் மீண்டும் பிரிவு வந்தது. எல்.சி.இ., பின்னர் எஸ்.ஆர்.பி., அதன்பின் பி.எம்.ஆர். தேர்வுகளின் முடிவைக் கொண்டு நான்காம் படிவத்தில் மாணவர் அறிவியல் பிரிவுக்கோ கலைப் பிரிவுக்கோ அனுப்பப்பட்டனர். அறிவியல், தொழில்நுட்பத்துக்கு அறுபது விழுக்காடும் கலைக்கு நாற்பது விழுக்காடும் என்னும் இலக்கை உயர்கல்வித் திட்டக் குழு 1967இல் பரிந்துரைத்தது. 1970 முதல் அது நாட்டின் கொள்கையாயிற்று. அவ்விலக்கு இதுவரை எட்டப்படவில்லை. ஆயினும் அறிவியல் பிரிவு கெட்டிக்காரருக்கு, கலைப் பிரிவு மற்றோருக்கு என்னும் எண்ணம் பெற்றோர் மனத்தில் வேரூன்றிவிட்டது. தமிழ் இலக்கியம் இரண்டாம் தரத்தார் பாடம் என்னும் தவறான கருத்துக்கும் இதுவே பெருங்காரணம் எனலாம்.

பல்கலைக்கழகத்தில் ஒரு மாற்று முயற்சி

இத்தகைய சூழலில்தான் பினாங்கில் ஒரு புதுமுயற்சி நிகழ்ந்தது. 1962இல் பினாங்கு மாநிலச் சட்டமன்றம் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றை அமைக்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 1969இல் பினாங்குப் பல்கலைக்கழகம் புக்கிட் குளுகோரிலிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வளாகத்தில் தற்காலிகமாகத் தொடங்கியது. பின் பிரிட்டானியப் படையினர் தங்கியிருந்த மிண்டன் வளாகத்துக்கு 1971இல் இடம்பெயர்ந்தது. இன்று மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் என வழங்குவது அதுவே. முதல் துணைவேந்தர் பேராசிரியர் ஹம்சா செண்டுட் ஆவார்.

இப்பல்கலைக்கழகம் பழைய ஆங்கிலேய மரபிலான துறை அமைப்பை ஏற்கவில்லை. மாறாக, கல்விப் புலங்களை அமைத்தது. ஒவ்வொரு புலமும் தன் எல்லைக்குள் பரந்த அடிப்படையைக் கற்பிப்பதோடு, பிற புலங்களின் பாடங்களையும் மாணவர் பயில இடமளித்தது. பெயரிலேயே அறிவியலைத் தாங்கிய பல்கலைக்கழகம் மானிடவியற் புலத்தையும் சமூக அறிவியற் புலத்தையும் தன்னகத்தே கொண்டது. 1971இல் தொலைக்கல்வித் திட்டத்தைத் தொடங்கி, பணியிலிருந்த ஆசிரியர் பலர் பட்டம் பெறவும் வழிவகுத்தது. அவ்வாய்ப்பைப் பெற்றவர்களுள் நம் தமிழாசிரியர்களும் உளர்.

இம்முயற்சியின் காலப் பின்னணியும் நோக்கத்தக்கது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1945இல் பொதுக்கல்வி குறித்த அறிக்கையை வெளியிட்டு, எல்லா மாணவரும் மானிடவியல், சமூகவியல், அறிவியல் மூன்றையும் கற்கவேண்டும் என்றது. இங்கிலாந்திலோ 1959ஆம் ஆண்டின் குரோதர் அறிக்கை ஆறாம் படிவத்தில் சில பாடங்களை ஆழ்ந்து கற்பதே சிறந்தது என ஆதரித்தது. அதே ஆண்டில் சி. பி. ஸ்னோ, அறிவியலாரும் இலக்கியவாணரும் ஒருவரையொருவர் அறியாத இரு வேறு பண்பாட்டினராகப் பிரிந்துவிட்டனர் என வருந்தினார். நம் நாட்டு ஆறாம் படிவம் குரோதர் வழியைப் பின்பற்றியது. பினாங்கின் புதிய பல்கலைக்கழகம் ஸ்னோவின் வருத்தத்துக்கு விடைகாண முயன்றது எனலாம். ஆனால் பதினைந்து வயதில் பிரிக்கப்பட்டு வந்த மாணவரைப் பத்தொன்பது வயதில் ஒன்றுசேர்ப்பது எளிதன்று. பரந்த கல்வியைப் பல்கலைக்கழகத்தில் மட்டும் தொடங்க முடியாது என்பது இதனால் பெறப்படும் பாடம்.

மாற்றுக் கருத்தும் அதன் வலிமையும்

இளமையிலேயே சிறப்புக்கல்வி வேண்டும் என்போர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. நாதசுரமும் தவிலும் பரதமும் பதினெட்டு வயதில் தொடங்கிக் கைவரும் கலைகள் அல்ல. மொழித்திறனும் அத்தகையதே, தமிழின் ஒலிகளும் தொடரமைப்பும் இளமையில் நாவில் படியாவிட்டால் பின்னர்ப் படிவது அரிது. வறிய குடும்பத்துப் பிள்ளைக்குப் பதினெட்டு வயதில் கையில் ஒரு தொழில் இருப்பது, பத்துப் பாடங்களில் அரைகுறைத் தேர்ச்சி இருப்பதினும் நன்று என்னும் கூற்றையும் எளிதில் தள்ளிவிட இயலாது. பரந்த கல்வி என்னும் பெயரில் எதையும் முழுமையாகக் கற்பிக்காத பாடத்திட்டங்களையும் நாம் கண்டிருக்கிறோம்.

எனினும் கிடைத்துள்ள ஆய்வுகள் மிக இளமையில் பிரிப்பதற்கு ஆதரவாக இல்லை. ஹனுஷெக், வோஸ்மன் ஆகியோர் 2006இல் பல நாடுகளை ஒப்பிட்டு, மாணவரை முன்கூட்டியே பிரிக்கும் நாடுகளில் கல்விச் சமமின்மை கூடுதலாவதைக் காட்டினர். முன்னதாகவே துறையைத் தேர்ந்துவிடும் இங்கிலாந்து மாணவரையும் சற்றுத் தாழ்த்தித் தேரும் ஸ்காத்லாந்து மாணவரையும் ஒப்பிட்ட ஓஃபர் மாலமூட், முன்னவரே தம் படிப்புக்குத் தொடர்பில்லாத பணிகளுக்கு மிகுதியாக மாறுகின்றனர் எனக் கண்டார். தம்மை அறியுமுன் தேர்ந்தவர் பின்னர் மாறவேண்டி வருகின்றது. மாற்றத்துக்கு உரிய விலையையும் அவரே செலுத்துகின்றார்.

தமிழாய்வின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. 1956இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையை 1960களில் வழிநடத்திய தனிநாயகம் அடிகளார், உரோமையில் இறையியலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழும் இலண்டனில் கல்வியியலும் பயின்றவர். இலத்தீனும் போர்த்துக்கீசியமும் அறிந்திருந்தமையால்தான் ஐரோப்பிய நூலகங்களில் மறைந்துகிடந்த பழந்தமிழ் அச்சு நூல்களின் அருமையை அவரால் உணர முடிந்தது. 1679ஆம் ஆண்டின் புரோயென்சா தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிவந்தது அதன் பயன். அதே ஆண்டு முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு அந்நகரில் கூடியதிலும் அவர் பங்கு பெரிது. தமிழ் மட்டும் அறிந்தவரால் தமிழுக்கு அப்பணியை ஆற்றியிருக்க முடியாது.

நம் சிறிய அனுபவமும் இதற்கு அரணாகின்றது. கலைப் பிரிவில் பயின்று வந்த நாம், வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டபோது, புள்ளியியலின் அடிப்படையும் அறியாமையால் ஏறத்தாழ ஓராண்டை இழந்தோம். பதினைந்து வயதில் கைவிட்ட கணிதத்தை முப்பது வயதில் மீண்டும் தேடவேண்டியதாயிற்று.

தமிழ் எங்கே நிற்கும்?

நம் வகுப்பறைக்கு மீண்டும் வருவோம். எஸ்.பி.எம். தேர்வில் மாணவர் எழுதும் பாடங்கள் பத்துக்கு மேற்படலாகாது என 2009இல் அரசு அறிவித்தபோது, அறிவியல் பிரிவுத் தமிழ் மாணவருக்குத் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் எட்டாமற் போகும் நிலை உருவானது. தமிழ் இயக்கங்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் குரல்கொடுத்தபின் பன்னிரண்டு பாடங்கள் வரை எழுத வழி பிறந்தது. அப்போராட்டத்தை மொழியுரிமைப் போராட்டமாகவே நாம் பெரிதும் நினைவுகூர்கிறோம். அது பொதுக்கல்விக்கான போராட்டமும் ஆகும். இயற்பியல் பயிலும் மாணவன் இலக்கியமும் பயிலலாம் என்பதே அதன் உட்பொருள்.

2020இல் நான்காம் படிவத்தில் அறிவியல், கலை என்னும் பிரிவுப் பெயர்கள் நீக்கப்பட்டு, விருப்பப் பாடத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 2022இல் பி.டி.3 தேர்வும் நீக்கப்பட்டது. கொள்கையளவில் எல்லை தளர்ந்துள்ளது. நடைமுறையில் பள்ளி எத்தொகுப்புகளை வழங்குகின்றது, தமிழாசிரியர் இருக்கின்றாரா, கால அட்டவணையில் இடம் உண்டா என்பனவே மாணவரின் தேர்வை முடிவுசெய்கின்றன. தமிழ் இலக்கியம் பள்ளி நேரத்துக்குப் பின் கற்பிக்கப்படும்வரை, அது தேர்வுரிமை அன்று. மாணவரின் பொறுமைக்கு வைக்கும் சோதனையே.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, சிறப்புக்கல்வியும் பொதுக்கல்வியும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. வினா அவற்றின் வரிசையையும் காலத்தையும் பற்றியது. இரண்டாவதாக, பினாங்கின் வரலாற்றில் மிக இளமையில் நிகழ்ந்த பிரிவுகள் மாணவரின் விருப்பத்தால் நிகழவில்லை. பிறப்பாலும் ஒரே தேர்வாலும் நிகழ்ந்தன. அதனால் பெரிதும் இழந்தோருள் தோட்டப்புறத் தமிழரும் அடங்குவர். மூன்றாவதாக, பதினாறு பதினேழு வயது வரை அறிவியல், கணிதம், வரலாறு, தாய்மொழி, கைத்தொழில் ஆகியவற்றை எல்லாருக்கும் அளித்து, அதன்பின் ஆழ்ந்த கல்விக்கு வழிவிடுவதே ஏற்புடையது எனக் கருதுகிறோம். இசையும் நடனமும் போன்ற கலைகளில் இளமையிலேயே பயிற்சி வேண்டும் எனினும், அப்பயிற்சி பொதுக்கல்விக்கு மாற்றாகாமல் அதனோடு இணைந்து செல்லவேண்டும்.

பார்க்குவார் சாலையிலுள்ள பழைய இலவசப் பள்ளிக் கட்டடம் பின்னாளில் பினாங்கு அருங்காட்சியகமாயிற்று. இரு நூற்றாண்டுகளுக்கு முன் அப்பள்ளி, வந்த பிள்ளையின் தந்தை யார் என்பதைக் கொண்டு கதவை அடைக்கவில்லை. மூன்றாம் படிவ மாணவரின் பெற்றோர் நம்மிடம் வந்து இலக்கியம் எதற்கு என்று கேட்கும்போது, மொழிப்பற்றை மட்டும் விடையாகக் கூறுவது போதாது. “உங்கள் மகன் இன்னும் தன்னை முழுமையாக அறியவில்லை, அறியும்வரை எந்தக் கதவையும் நாம் அடைக்கவேண்டாம்” என்று கூறுவோம். அவ்வாறு கூறும் தகுதி நமக்கு வேண்டுமானால், தமிழாசிரியர்களாகிய நாமும் தமிழுக்கு அப்பாலுள்ள துறைகளில் ஒன்றையேனும் ஆர்வத்தோடு பயின்று வரவேண்டும்.